திரையில் 70, உடம்பில் 59: தீவிர சிகிச்சைச் செவிலியப் படிப்பில் என்ன இருக்கிறது?

எந்த ஐசியுவிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். செப்டிக் ஷாக்கில், அதாவது கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்துபோன நிலையில் இருக்கும் ஒரு நோயாளி. மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஆர்டீரியல் லைன் என்ற மெல்லிய குழாயைப் போட்டு, ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி மானிட்டரில் பார்க்கிறார்கள். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகக்கூடாது என்பது இலக்கு. திரையில் 70 ஓடுகிறது. அலாரம் அடிக்கவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவி சார்ட்டில் 70 என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்புகிறார்.

அவருக்கு வழிகாட்டும் சீனியர் செவிலியரோ முதலில் பார்ப்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்டாண்டை. அதில்தான் டிரான்ஸ்டியூசர் மாட்டியிருக்கிறது. அழுத்தத்தை மின் சமிக்ஞையாக மாற்றும் சின்ன பிளாஸ்டிக் துண்டு அது. அரை மணி நேரம் முன்பு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கக் கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் இறக்க மறந்துவிட்டார்கள். கட்டில் ஏறியது, ஸ்டாண்ட் ஏறவில்லை. டிரான்ஸ்டியூசர் இப்போது இதய மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருக்கிறது. குழாய் முழுக்கத் திரவம். கிணற்றில் ஆழம் போகப் போக அழுத்தம் கூடுவதைப் போல, இந்த 15 செ.மீ. திரவத்தின் எடையும் அளவில் சேர்ந்துவிடுகிறது. 10 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 7.5 மி.மீ. பாதரசம் என்றால், 15 செ.மீ.க்குச் சுமார் 11. ஆக, திரையில் 70, உடம்பில் 59.

மருந்தைக் கூட்டியிருக்க வேண்டிய அரை மணி நேரம், எல்லாம் சரியாக இருப்பதாகச் சார்ட்டில் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகங்களுக்கு அந்த நேரம் முழுக்கப் போதிய ரத்தம் போயிருக்காது.

தீவிர சிகிச்சைச் செவிலியம் படிக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் மனதில் வருவது மெஷின்கள்தான். வென்டிலேட்டர், மானிட்டர், டயாலிசிஸ், வரிசையாகச் சிரிஞ்ச் பம்புகள். ஆனால் எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்பதை நல்ல சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்றால் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அதற்காக ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஓராண்டோ ஈராண்டோ உட்கார வேண்டியதில்லை. திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது, அது எப்போது பொய் சொல்லும், பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் அதை யாரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது: இந்த மூன்றுக்காகத்தான் அந்தப் படிப்பு. மூன்றாவதைப் பற்றிப் பாடத்திட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. என் கணக்கில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது.

ஐசியு என்ற இடம் பிறந்ததே ஓர் எண்ணைத் தப்பாகப் படித்ததைத் திருத்தியபோதுதான். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில், சுவாசத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களுடைய ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு மிக அதிகமாக இருந்தது. அது ரத்தத்தில் காரத்தன்மை கூடியதால் வந்தது என்றும், காரணம் தெரியாத ஏதோ ஒரு மாற்றம் என்றும் மருத்துவர்கள் நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் நிபுணர் அதை வேறு மாதிரி படித்தார். நோயாளிகள் மூச்சை முழுதாக வெளியே விட முடியாததால் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இறக்கிறார்கள் என்றார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டு, ட்யூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள்.

அந்த மருத்துவமனையில் போதுமான இயந்திரங்கள் கிடையாது. அதனால் ஏறத்தாழ 1500 மாணவர்கள் மாதக்கணக்கில் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் படிப்படியாக நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகனிலேயே இன்னொரு மருத்துவமனையில் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐசியு என்று பலரும் சொல்கிறார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் அந்த ரப்பர் பையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மறக்கக்கூடாதது அதற்கு முந்தைய கணம். அளவு எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. அதன் அர்த்தம்தான் பிடிபடாமல் இருந்தது.

அப்புறம் 1960-களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்கான தனிப் பிரிவுகள் வந்தன. இதயத்துடிப்பு தாறுமாறாகிவிட்டால் மின் அதிர்ச்சி கொடுக்கச் சில நிமிடங்கள்தான் அவகாசம். மருத்துவர் ஓடி வருவதற்குள் அது தீர்ந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பது செவிலியர் மட்டும்தான். எனவே ஈசிஜியைப் படித்துப் புரிந்துகொள்ளவும், மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திராமல் அதிர்ச்சி கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் தரப்பட்டது. அதுவரை மருத்துவரின் வேலை என்று கருதப்பட்ட ஒன்று கைமாறியது. அதிகாரம் வந்ததும் அதற்கேற்ற படிப்பு தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1969-இல் தீவிர சிகிச்சைச் செவிலியர்களுக்கெனத் தனிச் சங்கம் உருவானது இந்தச் சூழலில்தான்.

இன்று இந்தப் படிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஸ்வீடனில் பதிவு பெற்ற செவிலியர் ஓராண்டு சிறப்புப் படிப்பு படித்துத் தீவிர சிகிச்சைச் செவிலியர் ஆகிறார். பிரிட்டனில் ஐசியு செவிலியர்களில் குறைந்தது பாதிப் பேர், பதிவுக்குப் பிறகான தீவிர சிகிச்சைத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள தர வரையறை. இந்தியாவில், மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே படிக்கும் ஈராண்டு ரெசிடென்சி முறையில் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. வடிவம் எதுவானாலும் முதலில் அடிப்படைச் செவிலியப் பட்டம், பதிவு, பெரும்பாலும் கொஞ்சம் பணி அனுபவம், பிறகுதான் இது.

பட்டம் என்ற ஒன்று உண்மையிலேயே நோயாளிக்குப் பயன்படுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014-இல் 'தி லான்செட்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தது. செவிலியர்களில் பட்டம் பெற்றவர்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடினால் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. இது காரணத்தை நிரூபிக்கும் சோதனை இல்லை. தொடர்பைக் காட்டும் ஆய்வு. ஐசியுவை மட்டும் பார்த்ததும் இல்லை. ஆனாலும் இரண்டாவது கண்டுபிடிப்பை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது சரியாகாது. நன்றாகப் படித்தவரிடம் அளவுக்கு மீறி நோயாளிகளைக் கொடுத்தால் படிப்பு வேலை செய்ய நேரமே இருக்காது.

சரி, வகுப்பறைக்குள் போவோம். படிப்பின் பெரும்பகுதி உடலியங்கியல். வெறும் மனப்பாடமாக இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே திணறிப்போகிறார்கள். வென்டிலேட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளுவது? 2000-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், நுரையீரல் கடுமையாகப் பழுதான நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. என்பதற்குப் பதில் 6 மி.லி. என்று கொடுத்தபோது, இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. மாணவர்கள் இந்த 6-ஐ உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எந்தக் கிலோ என்பதில்தான் தவறுகிறார்கள்.

160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண், எடை 90 கிலோ. 90-ஐ 6-ஆல் பெருக்கினால் 540 மி.லி. இது தப்பு. உடம்பில் கொழுப்பு சேர்ந்தால் நுரையீரல் வளர்வதில்லை. நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. அதனால் உயரத்திலிருந்து கணக்கிடும் எடையைத்தான் எடுக்க வேண்டும். பெண்களுக்கு 45.5 கிலோவுடன், 152.4-க்கு மேற்பட்ட ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கிலோ சேர்க்க வேண்டும். இவருக்கு அது சுமார் 52.4 கிலோ. ஆக, ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 315 மி.லி. மேலே சொன்ன 540, இவருடைய நுரையீரலை ஒவ்வொரு மூச்சிலும் அளவுக்கு மீறி விரிக்கும், நிமிடத்துக்கு இருபது முறை, நாள் முழுக்க. நோயாளி வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து உயரத்தை அளக்கும் செவிலியரைப் பார்த்தால், அவர் இந்தக் கணக்கைப் புரிந்து படித்தவர் என்று தெரிந்துவிடும். உயரத்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது.

மருந்துக் கணக்கும் அப்படித்தான். 50 மி.லி. சிரிஞ்சில், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து 4 மி.கி. என்றால், ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. பம்பே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் யாரோ ஒருவர் சிரிஞ்சை இரட்டைச் செறிவில் கரைத்து வைத்துவிட்டு பம்பில் பழைய செறிவையே விட்டிருந்தால், பம்ப் கச்சிதமாகத் தப்பைச் செய்யும். கையால் போட்டுப் பழகியவருக்கு '4.5 போதுமே, பிரஷர் ஏன் இவ்வளவு எகிறுகிறது?' என்று உறுத்தும். இன்னொன்று: இந்த மருந்து உடம்பில் சில நிமிடங்கள்தான் நிற்கும். சிரிஞ்ச் தீர்ந்து அடுத்ததை மாற்றுவதற்குள் அழுத்தம் சரிந்துவிடும். அதனால் தீரும் முன்பே அடுத்த சிரிஞ்சைத் தயார் செய்து, இரண்டாவது பம்பில் ஓடவிட்டுப் பிறகு பழையதை நிறுத்துவது உண்டு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு, இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, இதை மறக்காமல் செய்வது சாதாரணம் இல்லை.

வலியைப் பற்றிய பாடம் என்னை மிகவும் பாதித்தது. வாயில் ட்யூப் இருக்கும் நோயாளி பேச முடியாது. மயக்க மருந்தில் இருந்தால் கையால் சைகை காட்டவும் முடியாது. நீண்ட காலம், அசையாமல் படுத்திருப்பவருக்கு வலி இல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்று முகச்சுளிப்பு, உடம்பின் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் ஒரு செவிலிய ஆராய்ச்சியாளர். கட்டிலின் பக்கத்தில் நின்று, பக்கம் மாற்றும்போதெல்லாம் நோயாளியின் புருவம் சுருங்குவதைப் பார்த்த கண்களுக்குத்தான் அது அளக்கவேண்டிய ஒன்று என்று பட்டிருக்கும். மருந்துக்கு முன் ஒரு மதிப்பெண், மருந்துக்குப் பின் ஒரு மதிப்பெண். அவ்வளவு எளிமை. ஆனால் அது இருப்பதால் 'அவருக்கு வலிக்கிற மாதிரி இருக்கு' என்பது '8-க்கு 5, போன தடவை 1' என்று மாறுகிறது. அப்படிச் சொன்னால் யாரும் தள்ளிவிட முடியாது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பலருக்கு இது வறட்சியான பாடமாகத் தெரிகிறது. ஐசியு நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்காக, 'இன்று உங்களை முதல்முறை நாற்காலியில் உட்காரவைத்தோம், உங்கள் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்' என்று செவிலியர்கள் எழுதிவைப்பார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பரவலான பழக்கம் இது. வீட்டுக்குப் போன பிறகு தொலைந்துபோன நாட்களை நோயாளி இதைப் படித்துக் கோர்த்துக்கொள்ளலாம். 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் புதிதாக மன அதிர்ச்சிக் கோளாறு வந்திருந்தது. 2019-இல் பிரான்சில் 35 ஐசியுக்களில் நடந்த ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் எழுதுவதா, வேண்டாமா? இரண்டு ஆய்வுகளும் யாரைச் சேர்த்தன, எப்போது அளந்தன, நாட்குறிப்பை நோயாளி எப்படிப் பெற்றார் என்று தேடிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம் பல்கலைக்கழகத்தில்தான் ஊன்றப்படுகிறது. எழுதலாம் என்பது என் கட்சி. ஆனால் அது நோயைத் தடுக்கும் என்று குடும்பத்தாரிடம் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வாய் சுத்தம், கண்ணுக்கு ஈரப்பதம், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது: இவை அடிப்படைப் பட்டத்திலேயே படித்தவைதானே என்று சிலர் இந்த வகுப்புகளைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும் சிகிச்சையை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். நுரையீரல் கடுமையாகப் பழுதானவர்களை ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது என்று 2013-இல் ஒரு சோதனை காட்டியது. எந்தப் புது மருந்தும் இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து, ஒருவர் தலைமாட்டில் ட்யூபைப் பிடித்துக்கொண்டு எண்ண, எல்லா லைன்களும் எந்தப் பக்கம் போகின்றன என்று முன்கூட்டியே பார்த்துவைத்து, ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். பிறகு அந்த 16 மணி நேரமும் கன்னம், நெற்றி, கண் எதிலும் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிரைக் காப்பாற்றும் சிகிச்சையே இங்கே செவிலியத்தின் கைவேலைதான்.

இனி அந்த மூன்றாவது விஷயம். சொல்வது.

இரவு இரண்டரை மணி. ஏழாம் படுக்கை நோயாளியின் நிலைமை செவிலியருக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவரை போனில் எழுப்புகிறார். 'டாக்டர், ஏழாம் பெட் பேஷண்டுக்கு என்னமோ சரியில்லை.' மறுமுனையில், 'பிரஷர் எவ்வளவு?' '68.' 'அப்போ பார்த்துக்கோங்க, காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம்.' போன் வைக்கப்பட்டுவிடுகிறது. இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் நோயாளி ஆபத்தில் இருக்கிறார்.

அதே செவிலியர் அதே தகவல்களோடு இப்படிப் பேசினால்: 'டாக்டர், ஏழாம் பெட்டிலிருந்து பேசறேன். மதியம் வயிற்று ஆபரேஷன் முடிந்து வந்தவர். பிரஷர் 68 காட்டுது, ஆனா அதுக்காக நார்அட்ரினலினை 0.1-லிருந்து 0.25-க்கு ஏற்றியிருக்கேன். ரெண்டு மணி நேரமா யூரின் பத்து பத்து மி.லி.தான். லாக்டேட் 2-லிருந்து 4.3 ஆயிருக்கு. வயிறு இறுகிட்டு வருது. உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோன்னு சந்தேகப்படறேன். இப்பவே நீங்க வந்து பார்க்கணும்.' (லாக்டேட் என்பது திசுக்களுக்குப் போதிய ரத்தம் போகாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்.) 68 என்ற எண் மாறவில்லை. அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று இப்போது தெரிகிறது. மருத்துவர் எழுந்து வருவார்.

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. வரிசையை ஒரு மதியத்தில் கற்பிக்கலாம். மூன்றாவது படியான மதிப்பீடுதான் எளிதில் வராது. 'ரத்தக்கசிவு என்று சந்தேகப்படுகிறேன்' என்று ஒரு செவிலியர் சொல்ல, உடலியங்கியல் தெரிந்திருக்க வேண்டும். தவறாகிப்போனால் அதைத் தாங்கும் தைரியமும் வேண்டும். பல செவிலியர்கள் எல்லா அளவுகளையும் சொல்லிவிட்டு, முடிவை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். அது நம் வேலை இல்லை என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். நல்ல படிப்பு அதை உடைக்க வேண்டும். சிமுலேஷன் வகுப்புகளில் வேண்டுமென்றே ஒரு எரிச்சல்காரர் மருத்துவராக நடித்து, 'இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?' என்பார். மாணவர் முதல் தடவை மன்னிப்பு கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார். மூன்றாம் நான்காம் தடவையில்தான், குரல் கொஞ்சம் நடுங்கினாலும், 'மன்னிக்கணும் டாக்டர், நீங்க வர முடியலைன்னா சீனியர் டாக்டரைக் கூப்பிடப்போறேன்' என்று சொல்ல வரும்.

இந்தப் படிப்பில் துக்கத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஐசியுவில் எல்லோரும் பிழைப்பதில்லை. இனிப் பலனில்லை என்று தெரிந்தும் சிகிச்சை தொடரும் நாட்களில், அந்தச் சிகிச்சையைத் தன் கைகளால் செய்பவர் செவிலியர். அது தரும் மனவேதனைக்குத் துறையில் பெயர் இருக்கிறது, ஆய்வுகள் இருக்கின்றன. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வகுப்பு இல்லாத படிப்பு, மாணவர்களை அரைகுறையாகத்தான் தயார் செய்கிறது என்பேன்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கட்டடத்தையோ தரவரிசையையோ சொல்வதில்லை. கேட்டுப் பார்க்கச் சில கேள்விகளைச் சொல்வேன். நோயாளியின் பக்கத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம்? அந்த நேரத்தில் நீங்கள் வார்டின் பணியாளர் கணக்கில் சேர்க்கப்படுவீர்களா, அல்லது கற்றுக்கொள்பவராக மட்டும் இருப்பீர்களா? கணக்கில் சேர்த்துவிட்டால், ஆள் குறைவான நாளில் உங்கள் படிப்பு அப்படியே நின்றுவிடும். வழிகாட்டிக்கு உங்களுக்கென ஒதுக்கிய நேரம் உண்டா? தேர்வு தாளில் மட்டுமா, கட்டிலின் பக்கத்திலுமா? சிமுலேஷன் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்களா, அடுத்த குழுவை அழைத்துவிடுவார்களா? முடிந்தால் இப்போது படிக்கிற மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, மருத்துவர் முன்னால் கடைசியாக எப்போது தன் கருத்தைச் சொன்னார், அப்போது வழிகாட்டி என்ன செய்தார் என்று கேளுங்கள்.